பூ வைத்துக் கட்டிய பால்

காலையில் பூக்காரி வாசலில் நின்று குரல் கொடுத்தால் மரியம் பீவி உழக்கை எடுத்துக்கொண்டு போவாள். சரம் வேண்டாம், உதிரிதான்.

"ரெண்டு உழக்கு போடு. மொட்டா இருந்தாலும் பரவாயில்ல, நேத்துப் பூவா மட்டும் இருக்கக் கூடாது" என்பாள்.

பூக்காரிக்கு விஷயம் தெரியும். அந்த வீட்டுக்கு மட்டும் கோபுரமாக அளந்து போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அந்தப் பூ தலைக்கு இல்லை, மார்புக்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்ற வேண்டும் என்றால் மல்லிகையை மார்பில் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு. நாலைந்து நாளில் பால் சுண்டிவிடும். யுத்தம் வருவதற்குப் பத்து வருஷம் முந்தி, ஒரு வைகாசி மாதத்தில், காஜிமார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் நஜ்முன்னிசா இப்படித்தான் பூக்கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இருபத்திரண்டு வயது அவளுக்கு. புருஷன் பீர் முகமது நாலு தெரு தள்ளித் தகரப் பெட்டி அடிக்கிறவர். மூத்தவன் காஜாவுக்கு மூன்று வயது. இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா மரியம் பீவி வீட்டுக்கு வந்தாள், பெண் பிறந்தது. முதல் மூன்று நாள் மஞ்சளாய், கெட்டியாய் இறங்கிய பாலைத் துணியில் பீச்சி எறிந்தார்கள். அது ஆகாத பால் என்று அம்மா சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரிகள் சொன்னார்கள், கோச்சடையிலிருந்து வந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சி சோணையம்மாளும் அதையேதான் சொன்னாள். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு சங்கு கழுதைப்பாலும் கொடுத்தார்கள். ஏழாம் நாள் பெயர் வைத்தார்கள். எட்டாம் நாள் பேதி கண்டு பிள்ளை மௌத்தானது.

நஜ்முன்னிசா அழவில்லை. "அழுதுரும்மா, நெஞ்சுல வச்சுக்காத" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். "அழுறேன்" என்றாள் அவள், அடுப்பில் வேலை கிடக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்பதுபோல. சோறு வைத்தால் சாப்பிட்டாள். காஜா மடியில் வந்து விழுந்தால் தலையைத் தடவினாள். கை தடவுவது அவளுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம்.

பிள்ளையை அடக்கிவிட்டு வந்த மறுநாள் அதே வீட்டில் அவள் அண்ணன் சேக் இஸ்மாயிலின் மனைவி ஜெய்த்தூனுக்கு வலி கண்டது. ஜெய்த்தூனுக்குத் தாய் இல்லை. அதனால் புகுந்த வீட்டிலேயே பிரசவம். அதுவும் பெண். சோணையம்மாள் தொப்புள்கொடி அறுத்து, குளிப்பாட்டி, வசம்புத் துண்டு கோத்த கறுப்புக் கயிற்றைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டினாள். கட்டும்போது தன் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. அவள் கட்டுகிற கயிறெல்லாம் அந்தக் கணக்குத்தான்.

ஜெய்த்தூனுக்குப் பால் இறங்கும் முன்னே ஜுரம் ஏறிவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும்தான் ஊற்றினார்கள். ஆறாம் நாள் காலையில் அவள் நாத்தனாரைக் கூப்பிட்டாள். நஜ்முன்னிசா பூக்கட்டோடு போய்ப் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். மரியம் பீவி நனைந்த துணியால் மருமகள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெய்த்தூன், நிக்காஹ் அன்று மாமியார் கட்டிவிட்ட கருகமணியைத் தன் கழுத்திலிருந்து தானே கழற்றினாள். யாரையும் தொடவிடவில்லை.

"நஜ்மு, எம்மக ஒங்க காஜாவுக்கு. வயித்துல இருக்கும்போதே பேசுனோம்ல?"

"பேசுனோம் மதினி."

"வேற வீட்டுல விட்டுறாதீக. தாயில்லாத பிள்ளைன்னு எவளும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது. இதை அவ கழுத்துல நீதான் கட்டணும். மாமியாரா நின்னு நீதான் கட்டணும்."

"சரி மதினி."

"சரின்னு வாயால சொன்னாப் பத்தாது."

நஜ்முன்னிசா கருகமணியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று சாயங்கால அசர் பாங்குக்கு முன்னால் ஜெய்த்தூன் போய்விட்டாள்.

இனித்தான் சங்கடம். ஒரு வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது, பால் கட்டிக்கொண்டு நோகிற மார்பும் இருக்கிறது. மற்ற இடமாக இருந்தால் தூக்கி மடியில் போட்டிருப்பார்கள். ஆனால் இவர்கள் மார்க்கத்தில் ஒருத்தி பாலைக் குடித்த பிள்ளை அவளுக்கு மகள். அவள் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கூடப் பிறந்தவள். நஜ்முன்னிசா பால் கொடுத்தால் அந்தப் பெண் காஜாவுக்குத் தங்கச்சி ஆகிவிடுவாள். தங்கச்சியை எப்படிக் கட்டுவது? ஜெய்த்தூனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு வாய்ப் பாலோடு போய்விடும்.

மரியம் பீவி கெட்டவள் இல்லை. மருமகளை மகள்போல வைத்திருந்தவள். அந்த வாக்கைப் பக்கத்திலிருந்து காதால் கேட்டவள் என்பதால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று நின்றாள்.

"ஆட்டுப்பால்ல வளந்த ஆளுக இந்தச் சந்துலயே நாலு பேரு இருக்காக. இவளும் வளருவா" என்றாள். பிள்ளைக்குப் பாத்துமுத்து என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

இஸ்மாயில் தோல் வியாபாரி. திருவாதவூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் எடுத்து வருகிறவன். மனைவியை அடக்கிய பிறகு யாரோடும் பேச்சில்லை. ஆட்டுப்பாலைப் பிள்ளை கக்கியதும், அம்மா சொன்னாள் என்று டவுனுக்குள் போய்ச் சீமைப் பால் டப்பா ஒன்றும் ரப்பர் மாட்டிய புட்டி ஒன்றும் வாங்கி வந்து வைத்தான். டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கொழுகொழு என்று சிரித்தது. அதன் கீழே எழுத்து இருந்தது. அந்த எழுத்தைப் படிக்க அந்தச் சந்தில் ஆள் இல்லை.

எவ்வளவு பாலுக்கு எவ்வளவு தண்ணீர்? மரியம் பீவி தானாக ஒரு கணக்கு வைத்தாள். கெட்டியாகக் கொடுத்தால் குடல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, ஒரு கரண்டிக்கு ஒரு சொம்பு ஊற்றினாள். வெள்ளையாகத்தான் இருந்தது. பிள்ளையும் குடித்தது. குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுதது. அந்த வெயிலுக்குப் புட்டியிலேயே பால் புளித்தது. வயிறு போக ஆரம்பித்தது. வயிறு போகிறதே என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தார்கள். கண்ணேறு என்றார்கள், தாய் மண்ணுக்குள் இருந்து கூப்பிடுகிறாள் என்றார்கள். யார் என்ன சொன்னாலும் சரி, அந்தப் பிள்ளை இளைத்தது பசியால்தான். வேறு ஒரு காரணமும் இல்லை.

அது அழும்போதெல்லாம் அடுத்த அறையில் நஜ்முன்னிசாவின் பூக்கட்டு நனைந்தது. அவள் மனதில் ஒன்றும் ஓடவில்லை, உடம்புதான் கேட்டது. பூ ஒரு பக்கம் வற்ற வைத்தது, அழுகை ஒரு பக்கம் ஊற வைத்தது. சாயங்காலம் கட்டை அவிழ்த்தால் மல்லிகை பழுப்பாகிப் பால் வாடையோடு பிண்டமாக விழும். மரியம் பீவி அதை அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் போடுவாள்.

பிறந்த பத்தாம் நாள் சோணையம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தாள். காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தடவியவள், மணிக்கட்டுக் கயிற்றுக்குள் விரலை விட்டாள். இரண்டு விரல் நுழைந்தது.

"பீவிம்மா, இங்க வாங்க. நான் கட்டுன கயிறு நெகிழ்ந்து போச்சா, பிள்ளை நெகிழ்ந்து போச்சா?"

"கயிறு நைஞ்சு போயிருக்கும்."

"ஏன், தண்ணியில ஊறப்போட்டீகளா? எங்கையால கட்டுன கயிறு எனக்குத் தெரியாதா? பிள்ளைக்கு என்ன குடுக்குறீக?"

மரியம் பீவி டப்பாவைக் காட்டினாள். சோணையம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் படத்துல இருக்கவன்தான் அம்புட்டையும் குடிச்சிருக்கான் போல. தகரத்துல அடைச்ச பாலை நம்புறீக, அந்தா உக்காந்திருக்கே ஒங்க மக, அதை நம்ப மாட்டீகளா?"

"ஒனக்குத் தெரியாது சோணை. எங்கள்ல அது ஆகாது. பால் குடுத்தா மக ஆயிருவா."

"ஆகட்டுமே. மருமக ஆகுறதுக்கு மொதல்ல உசுரோட இருக்கணும்ல?"

மரியம் பீவிக்கு முகம் கறுத்துப் போனது. "மூணு நாளு பாலைப் பீச்சி எறின்னு சொன்னவ நீதான். ஒம்பேச்சைக் கேட்டு எம்பேத்தி ஒண்ணு மண்ணுக்குப் போயிருக்கு. வந்த வேலையைப் பாத்துட்டுப் போ."

சோணையம்மாள் பிள்ளையின் எண்ணெயைக் கழுவி முடித்தாள். பிள்ளையைத் துடைத்து, சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றினாள். போகும்போது வாசல்படியில் நின்று, "நான் சொன்னேன்தான். என் ஆத்தா எனக்குச் சொன்னா, நான் ஒங்களுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டிலும் முதல் பாலைப் பீச்சச் சொன்னதில்லை என்பார்கள்.

அவள் போன பிறகு மரியம் பீவி, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மூக்குக் கிண்ணமான பாலாடையை எடுத்துக் கழுவினாள். பிறகு மகளிடம் வந்து ஒரு வழி சொன்னாள்.

"நீ மடியில போட வேணாம். பீச்சிக் குடு, நான் பாலாடையில ஊத்துறேன். வாய் படலைன்னா மக எப்படி ஆவா?"

நஜ்முன்னிசா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கட்டை அவிழ்த்தாள். பாதிப் பாலாடை வந்தது. அந்த நேரம் பார்த்து மகனைப் பார்க்க வந்த பீர் முகமது கதவு நிலையில் நின்றார். விஷயத்தைக் கேட்டதும், "கொஞ்சம் பொறுங்க மாமி, பள்ளிவாசல்ல அஜரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது" என்று செருப்பை மாட்டினார்.

பாலாடை மாடத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு வெற்றிலையை மூடி வைத்தாள் மரியம் பீவி. பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நஜ்முன்னிசா அந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பீர் முகமது திரும்பி வந்தார். "சங்குல ஊத்துனாலும் பாலாடையில ஊத்துனாலும் வயித்துக்குள்ள போறது அவ பாலுதானேன்னு கேக்குறாரு."

"அப்பக் கூடாதா?"

"குடுக்கக் கூடாதுன்னு அவரு சொல்லலை மாமி. தாராளமாக் குடுங்க, பிள்ளை உசுருதான் முக்கியம்னாரு. சம்பந்தம் மட்டும்தான் இல்லைன்னு ஆகும். கல்யாணத்துக்குப் பொண்ணு ஊரெல்லாம் கெடக்கு, இந்தப் பிள்ளைக்குப் பால் எங்க கெடக்குன்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு."

"அவருக்கென்ன, அவருகிட்டயா ஜெய்த்தூன் வாக்கு வாங்குனா?"

மரியம் பீவி மாடத்திலிருந்து பாலாடையை எடுத்தாள். கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தின் தூரில் ஊற்றினாள். திரும்பி வந்து சாயங்காலப் பூவை அளந்து எடுத்தாள். நஜ்முன்னிசா கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பீர் முகமது காஜாவைத் தூக்கி ஒரு முறை கொஞ்சிவிட்டு வெளியே போனார். மாமியார் வீட்டில் மருமகன் பேச்சுக்கு அதற்கு மேல் இடமில்லை.

இப்படியே இன்னும் ஐந்தாறு நாள்.

பதினாறாம் நாள் காலையில் நஜ்முன்னிசா விழித்தபோது மார்புத் துணி காய்ந்து கிடந்தது. பூ காய்ந்து துணியோடு ஒட்டியிருந்தது. வலி இல்லை. பால் வற்றிவிட்டது போல என்று நினைத்தாள். பல் விளக்கினாள். முகம் கழுவினாள். காஜாவுக்கு ஆப்பத்தைப் பிய்த்துக் கொடுத்தாள். இரண்டாவது ஆப்பத்தைப் பிய்க்கும்போதுதான் ஏன் காய்ந்தது என்று விளங்கியது. நேற்று மத்தியானத்திலிருந்து பிள்ளை அழவில்லை.

எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். பாத்துமுத்து விழித்துக்கொண்டுதான் கிடந்தது. கண் பெரிதாக இருந்தது. நெற்றியில் கிழவிக்கு விழுகிற கோடுகள். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. வசம்புக் கயிறு மணிக்கட்டில் இல்லை, கழன்று பாயில் கிடந்தது. நஜ்முன்னிசா அதை எடுத்துப் பார்த்தாள். தன் பிள்ளைக்கும் இப்படி ஒன்று கட்டியிருந்தது. அது கழலவில்லை, அதோடுதான் அடக்கினார்கள்.

அவள் அங்கேயே உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சை அவிழ்த்தாள். காய்ந்த பூ மடியெல்லாம் கொட்டியது. பிள்ளையைத் தூக்கினாள். துணியைத் தூக்கியது போலத்தான் இருந்தது.

மரியம் பீவி நிலையில் வந்து நின்றாள்.

"நஜ்மு. வேணாம். ஜெய்த்தூன் கேப்பா."

"கேக்கட்டும்மா. நான் பதில் சொல்லிக்கிறேன்."

"சாகப்போறவகிட்டச் சரின்னு சொன்னியேடி."

"சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. பிள்ளையின் வாயை மார்பில் வைத்தாள். பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பலமில்லை. மார்பிலும் ஒன்றும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆப்பத்தைப் பாதியில் விட்ட காஜா வந்து எட்டிப் பார்த்து, "பாப்பா சாப்பிடுதா?" என்றான். "இல்லை" என்றாள்.

பீர் முகமதுதான் கோச்சடைக்கு ஆள் விட்டார். சோணையம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. நஜ்முன்னிசாவின் மார்பில் வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, பிடித்துவிட்டு, சொட்டுச் சொட்டாகப் பாலாடையில் இறக்கினாள். ஒரு சொட்டு நாக்கில், பொறுத்து ஒரு சொட்டு. விழுங்கியதும் பிள்ளையை மார்பில் வைத்தாள். வறண்ட மாரை வைத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"பிள்ளை வாய் வச்சாத்தான்த்தா பாலு வரும். பாலு வந்த பெறகு வாய் வைப்போம்னு உக்காந்திருந்தா எங்கிட்டு வர?" என்றாள் சோணையம்மாள்.

டப்பாப் பால் நிற்கவில்லை. ஆனால் சோணையம்மாள் கரண்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கொதித்து ஆறிய தண்ணீர், கெட்டியாக, பாலாடையில் மட்டும். புட்டி கொல்லைக்குப் போனது. நாலாம் நாள் நஜ்முன்னிசாவின் துணி நனைந்தது. பத்தாம் நாள் டப்பாவை மூடி வைத்தார்கள்.

மரியம் பீவி மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மீன் கடைக்குத் தானே போய்ச் சுறா வாங்கி வந்தாள். புட்டு அவித்து, பூண்டு உரித்துப் போட்டு, தட்டை மகள் முன்னால் நகர்த்திவிட்டுப் போவாள். சாப்பிடு என்று சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன பீவி, மகளோட பேச்சு இல்லையாக்கும்?" என்றால், "பேசுனா பால் வருமா? சுறாத் தின்னாத்தான் வரும்" என்பாள்.

இரண்டு மாதம் கழித்துச் சோணையம்மாள் வந்தபோது, புதிதாகக் கட்டிய கயிறு பிள்ளையின் மணிக்கட்டில் சதைக்குள் புதைந்து கிடந்தது. விரல் என்ன, நகம்கூட நுழையவில்லை. பேனாக்கத்தியால் அறுத்தாள். கையில் வளையல் மாதிரி ஒரு தடம். "அட கழுதை, இம்புட்டையும் நீயாடி குடிச்ச?" என்று பிள்ளையின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிள்ளை வீட்டையே தூக்குகிற மாதிரி அழுதது. நஜ்முன்னிசா அதைக் கேட்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

இஸ்மாயில் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாத்துமுத்து, நஜ்முன்னிசாவோடு நாலு தெரு தள்ளிய தகரப் பெட்டிக் கடை வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளை அம்மா என்றும் பீர் முகமதுவை அத்தா என்றும் கூப்பிட்டாள். காஜாவோடு ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு பம்பரத்துக்கு அடித்துக்கொண்டாள். நஜ்முன்னிசாவுக்கு அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். பிறந்த அன்றைக்கே மடியில் போட்டுக்கொண்டாள், மஞ்சள் பாலோடு. யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் விளக்கமும் சொல்லவில்லை. இரண்டும் தங்கின.

கருகமணி பெட்டியின் அடியில் கிடந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம், அரிசிக்குக் கார்டும் கையுமாக ஊரே வரிசையில் நின்ற நேரத்தில், மேலூரில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து பாத்துமுத்துவைக் கேட்டு வந்தார்கள். நல்ல இடம். இஸ்மாயில் தங்கையின் முகத்தைப் பார்த்தான். "குடுக்கலாம்ணே" என்றாள். காஜா இருபது வயசு ஆள். தங்கச்சி கல்யாணத்துக்கு அவன்தான் பந்தல் போட்டான், அவன்தான் அரிசிக்கு அலைந்தான்.

நிக்காஹ் முடிந்து பெண்ணை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வந்து தங்கள் வீட்டுக் கருகமணியைப் பெண்ணின் கழுத்தில் கட்டினாள். பெண்கள் குலவையிட்டார்கள். நஜ்முன்னிசா ஓரத்தில் நின்றாள். கையில் ஜெய்த்தூனுடைய கருகமணி இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தாள்தான், எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெளிவில்லை.

மரியம் பீவிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. மகளோடு பேச்சு எப்போதோ திரும்பியிருந்தது, ஆனால் அந்தப் பதினாறாம் நாளைப் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. இப்போது கை நீட்டித் துழாவி, மகளின் உள்ளங்கையில் இருந்த மணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை யாரு கட்டணும்னு அவ சொன்னா?"

"நான்."

"அப்பக் கட்டு."

"மாமியாராத்தான் கட்டணும்னா, அம்மா."

"தெரியும்டி. நானும் அங்கதானே இருந்தேன். கட்டு."

மேலூர்க்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்கதான் கட்டியாச்சே?" என்றாள். "ரெண்டும் கெடக்கட்டும்" என்றாள் நஜ்முன்னிசா.

பாத்துமுத்து முக்காட்டை விலக்கித் தலையைக் குனிந்தாள். நஜ்முன்னிசா பின்னால் உட்கார்ந்து இழையைச் சுற்றினாள். முடிச்சுப் போடும் முன் கழுத்துக்கும் இழைக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழைந்தது. அதற்கு மேல் இடமில்லை. முடிச்சை இறுக்கினாள்.